சொந்த நம்பரும் வீட்டு முகவரியும் வெளியே போகாமல் ஆன்லைனில் விற்க முடியுமா?

வந்த கேள்வியைச் சுருக்கிப் போடுகிறேன். "கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) இருக்கிறேன். வீட்டில் சாக்லேட் செய்து, கூடவே தேயிலைத்தூளும் சேர்த்து இரண்டு வருஷமாக இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். சொந்த நம்பரைத்தான் போட்டிருக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் 'ஹாய்', 'சாப்பிட்டாச்சா' என்று மெசேஜ் வருகிறது. போன மாதம் டூரிஸ்ட் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். அப்பா பக்கத்தை மூடு என்கிறார். மூடாமல் வழி இருக்கிறதா? வீட்டிலிருந்தே டைப்பிங், டேட்டா என்ட்ரி வேலையும் தேடுகிறேன், எடுத்த எடுப்பில் ஆதார், பேன் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?"

வழி இருக்கிறது, பக்கத்தை மூட வேண்டியதில்லை. அதற்காக அப்பாவின் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதீர்கள், முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்றதைப் பார்த்தவர் அவர். நான் குன்னூரில் பதினொரு வருஷம் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் நடத்தியவள். அதை மூடிய பிறகு, உங்களைப் போல வீட்டிலிருந்து விற்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கு பக்கம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, கொரியர் போடுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு நடந்தது அதில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு விதத்தில் நடந்திருக்கிறது. எனக்கும்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஆள் எப்படி வந்தார் என்று தெரிந்துகொள்ள உங்கள் பக்கத்தை ஒரு அரை மணி நேரம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன். எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, உங்கள் வீட்டு கேட்டின் நிறம் வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ரீலில் சாக்லேட்டை அச்சில் ஊற்றுகிறீர்கள். பின்னால் ஜன்னல், அதற்கு வெளியே தேயிலைச் சரிவு, வரிசையாக சில்வர் ஓக், தூரத்தில் ரங்கசாமி மலை, சரிவுக்குக் கீழே ஒரு டீ ஃபேக்டரியின் தகரக் கூரை. வெளியூர்க்காரருக்கு அது அழகான சீனரி. உள்ளூர்க்காரருக்கு அதுவே முகவரி, மலை எந்தப் பக்கமாகத் தெரிகிறது, கூரை எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே எந்த ஹட்டி என்று சொல்லிவிடுவார். இன்னொரு ரீலில் மினி பஸ் போகிறது, போர்டைப் படிக்க முடிகிறது. மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் பார்சலைப் பிரிக்கிற வீடியோவை ஸ்டோரியில் போட்டு உங்களை டேக் செய்திருக்கிறார், நீங்கள் சந்தோஷத்தில் அதை ஹைலைட்டில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு மூன்று விநாடி, பெட்டியின் மேல் அனுப்புநர் முகவரி முழுசாகத் தெரிகிறது, அப்பா பெயரோடு, செல் நம்பரோடு. போதாததற்கு கூகுள் மேப்பில் உங்கள் கடையின் பெயரில் ஒரு புள்ளி சரியாக உங்கள் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆக யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. நீங்கள் ஒரு துண்டு, வாடிக்கையாளர் ஒரு துண்டு, மேப்பில் யாரோ ஒரு துண்டு என்று போட்டு வைத்ததை ஒருவர் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். பெருநகரத்துக்காரர்கள் எழுதுகிற பாதுகாப்புக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான். சென்னையில் அண்ணா நகர் என்று போட்டால் லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். நம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி "சாக்லேட் செய்யற வீடு எதுங்க?" என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார், நல்ல எண்ணத்தில்தான். மலையில் ஒரு துண்டு கிடைத்தாலே மீதி தானாக வந்துவிடும். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை கடையை மறைப்பது இல்லை, கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு நூலையும் தேடித்தேடி அறுப்பது.

முதல் நூல் செல் நம்பர். எல்லோரும் "புது சிம் வாங்கி அதைக் கடைக்கு வைத்துக்கொள்" என்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது சரி. உங்கள் நம்பர் இரண்டு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டது, நூற்றுக்கணக்கான போனில் பதிவாகியிருக்கிறது, அதை இனி திரும்ப வாங்க முடியாது. அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். பழைய நம்பரையே நிரந்தரக் கடை நம்பராக விட்டுவிட்டு, புது சிம் ஒன்று வாங்கி, வங்கி, ஆதார், மெயில், வீட்டு ஆட்கள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் ஒரு நாள் அலைச்சல்தான். ஓடிபி வருகிற நம்பர் எது என்று ஊருக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று செய்து பார்த்தால் புரியும். மாற்றி முடிக்கிற வரைக்கும் பழைய சிம்மை ரீசார்ஜ் இல்லாமல் விட்டுவிடாதீர்கள், சில மாதம் சும்மா கிடந்தால் நம்பர் வேறு யாருக்கோ போய்விடும், அதில் கட்டியிருக்கிற கணக்கெல்லாம் அவர் கைக்குப் போகும். அப்படியே தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். ஒருவர் பெயரில் நம் பக்கம் 9 வரைக்கும் அனுமதி, எப்போதோ யாருக்கோ கொடுத்த ஆதார் நகலை வைத்து வேறு யாரோ சிம் வாங்கியிருப்பது அங்கே பார்த்தால்தான் தெரியும்.

பழைய நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வேலை நேரம் வைக்கலாம், அந்த நேரத்துக்கு வெளியே வருகிற மெசேஜுக்கு "காலை 10 மணிக்குப் பதில் வரும்" என்று தானாகப் போகும். புரொஃபைல் படத்தில் உங்கள் முகம் வேண்டாம், சாக்லேட் பெட்டி போதும். "சாப்பிட்டாச்சா" கூட்டத்தில் முக்கால்வாசி இந்த இரண்டிலேயே கழன்றுகொள்ளும், ஏனென்றால் அவர்கள் பேச வந்தது ஒரு பெண்ணிடம், கடையிடம் இல்லை. தெரியாதவர் அழைப்பை மௌனமாக்கும் வசதியை வீட்டு நம்பரில் போடுங்கள், கடை நம்பரில் போடாதீர்கள், ஆர்டர் போய்விடும். இரண்டு நம்பரிலும் இரண்டு-படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் கட்டாயம் வையுங்கள். பிறந்த தேதியைத் தவிர வேறு ஏதாவது.

அழைக்கிறவர் பெயரைக் காட்டுகிற ட்ரூகாலர் ஆப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். உங்கள் போனில் அது இல்லாவிட்டாலும் உங்கள் பெயர் அதில் இருக்கலாம், மற்றவர்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் நம்பரைத் தட்டினால் ஊர்ப் பெயரோடு "வர்க்கி அக்கா" என்று வந்தது, பாவம், அவருக்கே தெரியாது. அவர்கள் தளத்திலேயே நம்பரை நீக்கச் சொல்லும் பக்கம் இருக்கிறது. புது நம்பர் வாங்கியதும் முதல் வேலையாக நீக்கிவிடுங்கள்.

அடுத்தது பணம். சொந்த சேமிப்புக் கணக்கின் க்யூஆரை ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவருக்கும் வங்கியில் பதிந்த உங்கள் முழுப் பெயர் தெரிகிறது. 2025 ஜூன் கடைசியிலிருந்து, ஆப்பில் நாமாக வைத்துக்கொண்ட பெயர் கிடையாது, வங்கிப் பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ சொல்லிவிட்டது. மோசடிக்காரனைக் கண்டுபிடிக்க அது நல்ல விதிதான், ஆனால் முந்நூறு ரூபாய்க்கு சாக்லேட் வாங்குகிற எவரோ ஒருவருக்கு உங்கள் முழுப் பெயர் எதற்கு? அதோடு பல ஆப்களில் யுபிஐ ஐடியே செல் நம்பராகத்தான் இருக்கும், ஸ்க்ரீன்ஷாட்டில் அதுவும் போய்விடும். கடை பெயரில் கணக்கு தொடங்கி, அதற்கு வியாபாரிகளுக்கான க்யூஆர் வாங்கிக்கொண்டால் கடை பெயர் தெரியும். கணக்கையும் பிரித்துக்கொள்ளுங்கள், கடைப் பணம் விழுகிற கணக்கு வேறு, வீட்டுச் சேமிப்பு வேறு. கடை பெயரில் கணக்கு தொடங்க, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு உதவும். அது அரசு தளத்தில் முழுக்க இலவசம், தேடினால் முதலில் வந்து நிற்கிற அதே சாயலுள்ள தனியார் தளங்கள் காசும் வாங்கி ஆதார் பேனையும் வாங்கிக்கொள்ளும், முகவரியைப் பார்த்துப் போங்கள். பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியுமா என்று கேளுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில் போனை எடுப்பவர் அவர்.

இனி முகவரி. இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் நான் சொல்வது பொய்யாகிவிடும். உணவுப் பொருளை பேக் செய்து விற்றால் தயாரிப்பவரின் பெயர், முழு முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் லேபிளில் இருந்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. சமையல் செய்கிற இடம் வீடு என்றால் லேபிளில் வருவதும் வீடுதான். சாப்பிடுகிறவருக்கு அது தெரிய வேண்டியது நியாயம், நானும் அதைத்தான் பார்த்து வாங்குவேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் தெரிந்துகொள்வதும், போகிற வருகிற எல்லோரும் தெரிந்துகொள்வதும் ஒன்றா? லேபிளை உள்பெட்டியின் பின்பக்கம் ஒட்டுங்கள், விவரம் தெளிவாக, ஆனால் வீடியோவில் தெரிகிற முன்பக்கத்தில் வேண்டாம். வெளிப்பெட்டியில் அனுப்புநர் முகவரிக்கு டவுனில் நம்பிக்கையான ஒரு கடையைப் பேசி வைத்துக்கொள்ளலாம், திரும்பி வருகிற பார்சலும் அங்கேயே வரட்டும், மாதம் ஏதாவது கொடுத்துவிடுங்கள். கடிதம் மட்டும் என்றால் பெரிய தபால் நிலையங்களில் போஸ்ட் பாக்ஸ் வசதி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: "வீடியோ எடுத்தால் மகிழ்ச்சி, முகவரிப் பக்கம் மட்டும் காட்ட வேண்டாம்." நான் பார்க்கிற பக்கங்களில் இதை வைத்த பிறகு மக்கள் தாங்களாகவே கட்டை விரலால் மறைத்துக்கொண்டு எடுக்கிறார்கள், சொன்னால் கேட்கிற ஜனம்தான்.

கூகுள் மேப் புள்ளியை உரிமை கோரி உங்கள் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே போனால் கடை இல்லாமல் டெலிவரி மட்டும் செய்கிறவர் என்று மாற்றி, முகவரியை மறைத்து, நீலகிரி மாவட்டம் என்று சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். தபால் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின் தெரியுமா, பத்து எழுத்தில் ஏறக்குறைய நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்தைச் சுட்டுகிறது. வழி சொல்ல மூச்சு முட்டுகிற நம் மலை வீடுகளுக்கு அருமையான விஷயம், ஆம்புலன்ஸ்காரருக்குக் கொடுக்கலாம், பயோவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது உங்கள் வாசல்படி. ஜிஎஸ்டி எடுக்கிற அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால் இன்னொன்று ஞாபகம் வையுங்கள், எண்ணைத் தட்டினால் பதிந்த பெயரும் வியாபார இடமும் யாருக்கும் தெரியும். அந்த நாள் வந்தால் டவுனில் ஒரு சின்ன அறை வாடகைக்குப் பிடித்து அந்த முகவரியில் எடுப்பது நல்லது.

படங்கள். கேமரா செட்டிங்கில் லொக்கேஷன் சேர்ப்பதை நிறுத்துங்கள். இன்ஸ்டாகிராமும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற போட்டோவும் அந்த இடக்குறிப்பைப் பார்ப்பவருக்குக் கொடுப்பதில்லை. ஆனால் "கிளியரா வேணும், டாக்குமெண்டா அனுப்புங்க" என்று யாராவது கேட்டு அப்படி அனுப்பினால் அட்சரேகை தீர்க்கரேகையோடு போகும். அதைவிட முக்கியம் பின்னால் என்ன தெரிகிறது என்பது. ஜன்னலுக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டுங்கள், வெளிச்சமும் நன்றாக விழும், மலையும் மறையும். தேயிலைத் தோட்டம் வேண்டும் என்றால் வேறு எங்காவது போய் எடுத்து வையுங்கள், நீலகிரியில் தோட்டத்துக்கா பஞ்சம். எடுத்ததை அன்றே போடாமல் இரண்டு நாள் கழித்துப் போடுங்கள். போன ஹெத்தை ஹப்பா (படகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழா) சமயம் நான் பார்க்கிற ஒரு பெண் குடும்பத்தோடு வெள்ளை உடுத்திப் பேரகணி போனதை நேரலையாகப் போட்டாள். பக்தி நல்லதுதான், ஆனால் வீட்டில் ஒரு ஆள் இல்லை, ராத்திரிதான் திரும்புவோம் என்று பத்தாயிரம் பேரிடம் சொன்னதும் அதுதான். ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் அன்றைக்கு முழுக்க நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

சொந்த வாழ்க்கைக்கு என்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது பூட்டியது, தெரிந்தவர் மட்டும். கடைக் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருந்தால் அதைப் பூட்ட முடியாது, அதனால் அதில் வீட்டு விஷயம் எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே மெயில் கொடுக்காதீர்கள், தொடர்புப் பட்டியலை ஏற்ற அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாக்லேட் வாங்கியவரிடம் "இவரையும் தெரிந்திருக்கலாம்" என்று உங்கள் சொந்தக் கணக்கை ஆப்பே நீட்டிவிடும். கடைக் கணக்கில் அழைப்பு எண், முகவரி காட்டுகிற பொத்தான்களையும் அணைக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சமிருப்பது சித்தி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "பாப்பா, நம்ம வீட்டு ஜன்னல் எவ்ளோ அழகா இருக்கு, ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றோம்" என்று ஹட்டி பெயரோடு கமெண்ட் போடுகிறவர் சித்தியும் அத்தையும் மாமாவும்தான், பாசத்தில். குழந்தை யூனிஃபார்மில் இருக்கிற படத்தை, பேட்ஜ் தெரிய, கடைப் பக்கத்தில் டேக் செய்பவரும் அவர்களே. சண்டை போடாதீர்கள். கடைப் பக்கத்தில் டேக் அனுமதி கேட்டுத்தான் வரும்படி மாற்றி, ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் தடுக்கப்பட்ட சொற்களில் சேர்த்துவிடுங்கள், அந்தக் கமெண்ட் யார் கண்ணிலும் படாது, சித்திக்கும் மனசு நோகாது. "நமக்கு மறைக்க என்ன இருக்கு" என்று யாராவது கேட்டால், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். "அது கோர்ட்டுக்கு" என்றார் என் மாமியார்.

என் கதையும் இதே ரகம்தான். சமையல் வீடியோ போட்டுக்கொண்டிருந்தேன், பெயர் கிடையாது, முகம் கிடையாது, வெறும் கை. யூடியூப் வருமானம் பத்து டாலரைத் தொட்டால் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். வந்தது. அன்றைக்கு நான் வீட்டில் இல்லை, அது கீழ்த்தெரு டீக்கடையில் வைக்கப்பட்டு, நாலு பேர் கையில் திருப்பிப் பார்க்கப்பட்டு, சாயங்காலம் என்னிடம் வந்தபோது அதோடு "யூட்யூப்ல டாலர்ல சம்பாதிக்கறாங்களாம்" என்ற செய்தியும் சேர்ந்து ஊர் சுற்றியிருந்தது. அந்த வாரத்துக்குள் மூன்று பேர் கடன் கேட்டார்கள். மொத்த வருமானம் பத்து டாலர்! இந்த மாதிரிக் கடிதம் வரப்போகிறது என்று தெரிந்தால் தபால்காரரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்களிடம் இருக்கிற மற்றவர் விவரத்தையும் மறக்காதீர்கள். நீங்கள் "கஸ்டமர்ஸ்" என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருப்பதைப் பார்த்தேன், அதில் இருக்கிற நூற்றுச் சொச்சம் பேரின் நம்பரும் ஒருவருக்கொருவர் தெரியும். அதில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி "ஹாய்" போனால் அதற்கு நீங்கள்தான் வழி திறந்துவிட்டவர். சேனலாக மாற்றுங்கள், அதில் பின்தொடர்கிறவர் நம்பரும் மற்றவருக்குத் தெரியாது, உங்கள் நம்பரும் தெரியாது. அனுப்பி முடித்த ஆர்டர்களின் முகவரியை, கணக்குக்குத் தேவையானது போக, அவ்வப்போது அழித்துவிடுங்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிவிட்டன, ஆனால் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் செய்யலாம்.

இப்போது டைப்பிங் வேலை, ஆதார், பேன். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்டால், அது பதிவுக் கட்டணமோ டெபாசிட்டோ பயிற்சிக் கட்டணமோ, அது வேலையே இல்லை. டெலிகிராமில் ரிவ்யூ போட்டால் நூற்றைம்பது ரூபாய் என்று முதல் இரண்டு தடவை உண்மையாகவே அனுப்புவார்கள், மூன்றாவது தடவை ஐயாயிரம் கட்டச் சொல்வார்கள். உங்கள் வங்கிக் கணக்கை "கம்பெனி பணம் வந்து போகும், கமிஷன் தருகிறோம்" என்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அது திருட்டுப் பணம், நாளைக்கு முடக்கப்படுவதும் விசாரிக்கப்படுவதும் உங்கள் கணக்கு. நிஜமான கம்பெனிக்கு பேன் தேவைப்படும், டிடிஎஸ் பிடிக்க வேண்டும் அல்லவா, ஆனால் அது வேலை பேசி முடிந்து, பணம் கொடுக்கிற கட்டத்தில்தான். ஆதார் கேட்டால் ஆதார் தளத்திலிருந்தே கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள். நகலின் குறுக்கே "இன்ன கம்பெனிக்கு, இன்ன வேலைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள், எழுத்து ஆதார் எண் பக்கம் கொஞ்சம் ஏறியே இருக்கட்டும். கைரேகையை ஆதார் ஆப்பில் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, என் பாவத்தையும் சேர்த்து. எல்லோரும் ஆதாரையும் பாஸ்புக்கையும் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் கடையை மூடுகிற அன்று கம்ப்யூட்டரைத் துடைக்க உட்கார்ந்தால், டவுன்லோட் ஃபோல்டரில் குன்னூர் பாதி இருந்தது. ஆதார், சாதிச் சான்றிதழ், ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு கல்யாணப் பத்திரிகைக்காக ஒருவர் அனுப்பிய ஜாதகம். நான் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அங்கே வேலைக்கு வந்துபோன பையன்கள் எத்தனை பேர்! பிரிண்ட் கையில் வந்ததும் அங்கேயே நின்று "எல்லோருக்கும் அழி" கொடுங்கள், கடைக்காரரிடம் கம்ப்யூட்டரிலும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். முறைப்பார். பரவாயில்லை.

கடைசியாக அந்த ராத்திரி மெசேஜ்கள். பதில் போடாதீர்கள், திட்டியும் போடாதீர்கள், திட்டுவதும் அவர்களுக்கு ஒரு பதில்தான். ஒரு தடவை "ஆர்டர் பற்றி மட்டும் பேசவும்" என்று போடலாம். அதற்கு மேலும் வந்தால் நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள், இந்த வரிசையில், முதலில் பிளாக் செய்துவிட்டு சாட்டையும் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், கையில் ஆதாரம் இல்லாமல். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணை ஆன்லைனில் விடாமல் தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகார் கொடுக்கலாம், பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில புகார்களைப் பெயர் சொல்லாமலும் கொடுக்க வழி இருக்கிறது. பணம் போனால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் கை மாறிப் போய்விடும். யாராவது படத்தை மாற்றி வெளியிடுவேன் என்று மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், ஒரு தடவை அனுப்பினால் அடுத்த வாரமும் கேட்பார்கள். அந்தரங்கப் படம் என்றால் ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது, படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் ரேகையை மட்டும் எடுத்து, இதில் சேர்ந்திருக்கிற தளங்களில் அது ஏறாமல் தடுக்கப் பார்ப்பார்கள்.

இன்றைக்கு எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஹைலைட்டில் இருக்கிற அந்தப் பார்சல் வீடியோவையும் மினி பஸ் ரீலையும் முதலில் எடுத்துவிடுங்கள், பிறகு மேப் புள்ளி, அப்புறம் சிம். எல்லாம் மாற்றி முடித்ததும் சொல்லுங்கள், பாதாம் போட்ட டார்க் சாக்லேட் அரைக் கிலோ நானே வேறு பெயரில் ஆர்டர் போடுகிறேன். எந்த நம்பரிலிருந்து பதில் வருகிறது, பணம் அனுப்பும்போது யார் பெயர் தெரிகிறது, பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.